எந்தக் கேள்விக்கு எந்த இண்டெக்ஸ்?

போஸ்ட்கிரெஸில் ‘கிரியேட் இண்டெக்ஸ்’ என்று எழுதி, வகையைக் குறிப்பிடாமல் விட்டால் பி-ட்ரீ கிடைக்கும். பெரும்பாலோர் அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பெரும்பாலான நேரம் அது சரியாகவும் அமைந்துவிடுகிறது. ஆனால் அதே மென்பொருளோடு ஹாஷ், ஜிஸ்ட், எஸ்பி-ஜிஸ்ட், ஜின், பிரின் என்று இன்னும் ஐந்து வகைகள் வருகின்றன. பி-ட்ரீயை விட்டு எப்போது விலக வேண்டும்? பாடக்குறிப்புகள் இதற்கு ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கின்றன: எண் என்றால் பி-ட்ரீ, ஜேசன் என்றால் ஜின், வரைபடம் என்றால் ஜிஸ்ட். இது பாதி உண்மைதான். நெடுவரிசையில் என்ன வகைத் தரவு இருக்கிறது என்பதைவிட, அதை நோக்கிக் குவெரி என்ன கேட்கிறது, பதிவுகள் டிஸ்கில் எந்த ஒழுங்கில் கிடக்கின்றன, அந்த டேபிள் எவ்வளவு அடிக்கடி மாறுகிறது என்ற மூன்றும்தான் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து. போஸ்ட்கிரெஸை நடுவில் வைத்து இதைப் பார்ப்போம். வகைகள் அதிகம் உள்ள இடம் அதுதான். மற்ற தரவுத்தளங்கள் வேறு வழியில் போகும் இடங்களில் அவற்றையும் தொட்டுக்கொள்ளலாம்.

பி-ட்ரீக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வயது. போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்கிரைட்டும் அதை 1970இல் முன்வைத்தார்கள். ரிலேஷனல் மாதிரியைப் பற்றிய எட்கர் காட் கட்டுரை வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். 1979இல் டக்ளஸ் காமர் பி-ட்ரீ பற்றி ஒரு மதிப்பாய்வு எழுதியபோதே அது எங்கும் பரவிவிட்ட அமைப்பு என்று தலைப்பிலேயே சொல்ல முடிந்தது. இத்தனை காலம் அது நிலைத்திருப்பதன் காரணம் ஒரு சின்னக் கணக்கில் தெரியும். போஸ்ட்கிரெஸின் ஒரு பக்கம் 8 கிலோபைட். எட்டு பைட் எண் ஒன்றை இண்டெக்ஸில் வைக்கத் தலைப்பும் சுட்டியும் சேர்த்து 20 பைட் ஆகிறது. வழக்கம்போல 90 சதவீதம் நிரப்பினால் ஓர் இலைப் பக்கத்தில் ஏறக்குறைய 366 பதிவுகள் அடங்கும். மேல் அடுக்குகளில் பக்கத்துக்கு முந்நூறுக்குச் சற்றுக் குறைவான கிளைகள் என்று வைத்தால், மூன்று அடுக்குகளில் சுமார் 3 கோடி பதிவுகள், நான்கு அடுக்குகளில் 800 கோடிக்கும் மேல். நூற்றுக்கணக்கான கோடிப் பதிவுகள் இருந்தாலும் நான்கு பக்கங்களைத் தொட்டால் தேடிய இடத்துக்குப் போய்விடலாம். மேல் அடுக்குகள் பெரும்பாலும் நினைவகத்தில் இருப்பதால் உண்மையில் டிஸ்க் வரை போவது ஒன்றிரண்டு தடவைதான்.

வேகத்தைவிட முக்கியமான குணம் ஒன்று உண்டு. பி-ட்ரீ மதிப்புகளை வரிசைப்படுத்தி வைக்கிறது. சமமா, பெரியதா, சிறியதா, இந்த இரண்டுக்கும் நடுவிலா, முதல் இருபதைக் கொடு, மிகப் பெரியதைக் கொடு என்ற எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே அமைப்பு பதில் சொல்வது இதனால்தான். பல நெடுவரிசைகளைச் சேர்க்கும்போது எது முதலில் வரவேண்டும் என்ற சிக்கலும் இதிலிருந்தே பிறக்கிறது. ஒரு வாடிக்கையாளரின் கடந்த முப்பது நாள் ஆர்டர்களில் புதிய இருபது வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் எண் முதலில், தேதி அடுத்து என்று கட்டிய இண்டெக்ஸ் நேராக அந்த ஆளிடம் போய், கடைசித் தேதியிலிருந்து இருபது பதிவுகளைப் படித்துவிட்டு நின்றுவிடும். தேதியை முதலில் வைத்துக் கட்டினால், அந்த முப்பது நாளில் எல்லா வாடிக்கையாளர்களும் போட்ட ஆர்டர்களைக் கடந்து போய் நம் ஆளைப் பொறுக்க வேண்டிவரும். வகை ஒன்றுதான், நெடுவரிசைகளும் அவையேதான். வேலையின் அளவு மட்டும் ஆயிரம் மடங்குகூட மாறலாம். சமம் கேட்கும் நெடுவரிசை முன்னால், வீச்சு கேட்பது பின்னால் என்ற பழைய விதி இன்றும் பொருந்துகிறது. ஆரக்கிள் வெகுகாலமாகச் செய்துவந்த ஸ்கிப் ஸ்கேன் 2025இல் போஸ்ட்கிரெஸ் 18இலும் வந்திருக்கிறது. முதல் நெடுவரிசையில் வெவ்வேறு மதிப்புகள் கொஞ்சமாக இருந்தால் அது கைகொடுக்கும். லட்சக்கணக்கில் இருந்தால் உதவாது.

எழுத்துத் தரவில் இந்த வரிசைக் குணமே ஆபத்தாகவும் மாறியிருக்கிறது. எந்த எழுத்து எதற்கு முன்னால் என்பதை போஸ்ட்கிரெஸ் நெடுங்காலம் இயங்குதளத்தின் நூலகத்திடம் கேட்டே முடிவு செய்தது. 2018 ஆகஸ்டில் வந்த, லினக்ஸின் அந்த நூலகமான ஜிலிப்சி 2.28 அந்த வரிசை விதிகளைப் பெருமளவு மாற்றியது. அதைத் தாங்கிவந்த புதிய லினக்ஸுக்கு மாறிய சர்வர்களில், பழைய விதிப்படி கட்டிய இண்டெக்ஸைப் புதிய விதிப்படி தேடும் நிலை உண்டானது. இருக்கும் பதிவு இல்லை என்று பதில் வரும். தனித்துவம் காக்க வேண்டிய இடத்தில் ஒரே மதிப்பு இரண்டு முறை நுழையும். தீர்வு, அந்த இண்டெக்ஸ்களை மறுபடி கட்டுவதுதான். இயங்குதளத்தை மாற்றப்போகிறவர்கள் இதை முன்கூட்டியே திட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும்.

வகையை மாற்றத் துடிப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, பி-ட்ரீயையே முழுதாகப் பயன்படுத்திவிட்டீர்களா என்பதுதான். கூரியர் நிறுவனம் ஒன்றின் டேபிளில் 10 கோடி பார்சல்கள் இருப்பதாகவும், அவற்றில் இன்னும் கொண்டுசேர்க்காதவை 2 லட்சம் என்றும் கொள்வோம். ‘நிலை’ என்ற நெடுவரிசையில் நான்கைந்து மதிப்புகள்தான் இருக்கின்றன, ஆகவே அதற்கு இண்டெக்ஸ் வீண் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் அலுவலகத்தில் நாள் முழுக்க ஓடும் குவெரி அந்த 2 லட்சத்தை மட்டும்தான் தேடுகிறது. பதிவு நேரத்தின் மீது, ‘கொண்டுசேர்க்காதவை மட்டும்’ என்ற நிபந்தனையோடு பகுதி இண்டெக்ஸ் கட்டினால் அது ஐந்து மெகாபைட்டுக்குள் அடங்கும். மொத்த டேபிளுக்கும் கட்டினால் இரண்டு கிகாபைட்டைத் தாண்டும். ஒரு எச்சரிக்கை: குவெரியில் அந்த நிபந்தனை வெளிப்படையாக இருக்க வேண்டும். நிலையின் மதிப்பைப் பாராமீட்டராக அனுப்பி, பிளானர் பொதுத் திட்டம் ஒன்றைத் தயாரித்துவிட்டால், பகுதி இண்டெக்ஸ் பொருந்தும் என்று அதனால் உறுதிசெய்ய முடியாது, ஒதுக்கிவிடும்.

ஹாஷ் வகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2017இல் போஸ்ட்கிரெஸ் 10 வரும்வரை அதன் மாற்றங்கள் வால் (ரைட்-அஹெட் லாக்) பதிவில் ஏறவில்லை. சர்வர் திடீரென விழுந்தால் இண்டெக்ஸ் கெட்டுப்போகும், ரெப்ளிகாவுக்கும் போய்ச் சேராது. இப்போது அந்தக் குறை தீர்ந்துவிட்டது. மதிப்பின் நீளம் எதுவாக இருந்தாலும் நான்கு பைட் ஹாஷை மட்டும் வைப்பதால், நீளமான யுஆர்எல்களைச் சமமா என்று மட்டும் தேடும் டேபிளில் அது பி-ட்ரீயைவிடச் சிறியதாக அமையும். பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீளும் மதிப்பை பி-ட்ரீ ஏற்காது. ஹாஷுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் வரிசை கிடையாது, பல நெடுவரிசைகள் கிடையாது, தனித்துவக் கட்டுப்பாடும் கிடையாது. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபியில் ஹாஷ் கேட்டாலும் பி-ட்ரீதான் கட்டித் தரப்படும். அங்கே ஹாஷ் வேலையை, அந்த வசதி இயக்கத்தில் இருந்தால், எஞ்சினே தேவைக்கேற்ப உள்ளுக்குள் பார்த்துக்கொள்கிறது.

அடுத்தது ஜின். ஒலெக் பார்த்துனோவும் தியோடர் சிகாயெவும் எழுதி 2006இல் 8.2 பதிப்பில் சேர்ந்தது. ஒரு பதிவுக்குள் பல மதிப்புகள் இருக்கும்போது இதன் அருமை தெரியும். புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு போல, ஒவ்வொரு சொல்லுக்கும் அது வரும் பதிவுகளின் பட்டியலை இது வைத்திருக்கிறது. முழு உரைத் தேடல், அர்ரேக்கள், ஜேசன்பி எல்லாம் இதன் களம்.

தொடக்கத்தில் சொன்ன வாய்ப்பாடு எங்கே உடைகிறது என்பதற்கு ஜேசன்பியே நல்ல சாட்சி. வாடிக்கையாளர் விவரம் முழுவதும் ஒரு ஜேசன்பி நெடுவரிசையில் கிடக்கிறது. அதன்மேல் ஜின் கட்டியாகிவிட்டது. ஊர் மதுரை என்று உள்ள பதிவுகளை, ‘இந்த ஆவணம் இந்தத் துண்டை உள்ளடக்கியதா’ என்று கேட்கும் ஆபரேட்டர் கொண்டு தேடினால் ஜின் உடனே எடுத்துத் தரும். அதே தேடலை, ஊர் என்ற சாவியின் மதிப்பை எழுத்தாக உருவியெடுத்து ‘மதுரை’யோடு சமமா என்று ஒப்பிடும் விதமாக எழுதினால் ஜின் அசையாது, டேபிள் முழுக்கப் படிக்கப்படும். நெடுவரிசை மாறவில்லை, தரவு மாறவில்லை, வரவேண்டிய விடையும் ஒன்றுதான். கேட்ட விதம் மட்டும் வேறு. இரண்டாவது வடிவத்துக்குத் தேவை, அந்த உருவியெடுத்த மதிப்பின் மீது கட்டிய சாதாரண பி-ட்ரீ. ஒவ்வொரு இண்டெக்ஸ் வகையும் குறிப்பிட்ட ஆபரேட்டர்களுக்கு மட்டுமே பதில் சொல்லக் கற்றது. எந்தெந்த ஆபரேட்டர்கள் என்பதை ஆபரேட்டர் கிளாஸ் என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. உள்ளடக்கத் தேடல் மட்டும் போதும் என்றால் ஜேசன்பி-பாத்-ஆப்ஸ் என்ற கிளாஸைத் தேர்ந்தெடுக்கலாம். இண்டெக்ஸ் பெரும்பாலும் சிறுத்துவிடும். ஆனால் ‘இந்தச் சாவி இருக்கிறதா’ என்ற கேள்விக்கு அதனிடம் விடை இருக்காது.

தமிழ் உரையைத் தேடுபவர்களுக்கு ஒரு செய்தி. 2019இல் வந்த போஸ்ட்கிரெஸ் 12, ஸ்னோபால் தொகுப்பிலிருந்து தமிழுக்கான அடிச்சொல் பிரிப்பானையும் சேர்த்துக்கொண்டது. அரபி, நேபாளி முதலியவையும் அப்போதுதான் வந்தன. நம் மொழியில் ஒரு பெயர்ச்சொல்லே வேற்றுமை உருபுகளும் இடைச்சொற்களும் ஒட்டிப் பல வடிவம் எடுக்கும். அடிச்சொல்லாக்காமல் ஜின்னில் ஏற்றினால், பள்ளிக்கு, பள்ளியில், பள்ளியிலிருந்து என்று ஒவ்வொன்றும் தனித்தனிச் சொல்லாகப் பதிவாகும். பள்ளி என்று தேடுபவருக்கு இவற்றில் எதுவும் கிடைக்காது. பிரிப்பான் இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். நம் டேபிளின் வாக்கியங்களையே டிஎஸ்-டீபக் என்ற செயல்கூறிடம் கொடுத்து, எந்த வடிவங்கள் ஒரே அடிச்சொல்லில் சேர்கின்றன, எவை சேரவில்லை என்று பார்த்த பிறகு இண்டெக்ஸ் கட்டுவதே முறை. இதில் பிழை வந்தால் தேடலின் வேகம் குறைவதில்லை, கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போகிறது. அது இன்னும் மோசம்.

ஜின்னுக்கு எழுதும்போது செலவு அதிகம். நூறு சொற்கள் கொண்ட ஒரு பதிவு, நூறு பட்டியல்களைத் தொடும். அதைத் தள்ளிப்போட, புதியவற்றை ஒரு காத்திருப்புப் பட்டியலில் சேர்த்துவைத்துப் பிறகு மொத்தமாகக் கலக்கிறது. அந்தப் பட்டியலின் இயல்பான வரம்பு 4 மெகாபைட். அது நிரம்பும் நேரத்தில் யார் எழுதிக்கொண்டிருக்கிறாரோ அவருடைய இன்ஸர்ட் அந்தக் கலக்கும் வேலையையும் சுமக்க வேண்டும். எல்லா இன்ஸர்ட்டும் வேகமாகப் போய்க்கொண்டிருக்கையில் எப்போதாவது ஒன்று மட்டும் ஏன் திணறுகிறது என்று தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ஜிஸ்ட் வேறு விதமான சிந்தனை. 1984இல் அந்தோனின் குட்மன் இட இருப்பைத் தேடுவதற்கு ஆர்-ட்ரீயை முன்வைத்தார். செவ்வகங்களுக்குள் செவ்வகங்களாக இடத்தைப் பிரித்துக்கொண்டே போவது அதன் வழி. 1995இல் ஜோசப் ஹெல்லர்ஸ்டைன், ஜெஃப்ரி நாட்டன், அவி ஃபெஃபர் மூவரும், இப்படிப்பட்ட மரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுச் சட்டகம் ஒன்றை எழுதினார்கள், அதுதான் ஜிஸ்ட். வரைபட வேலைக்கான போஸ்ட்ஜிஸ் இதன் மேல்தான் நிற்கிறது. ‘எனக்கு மிக அருகிலுள்ள பத்துப் பேருந்து நிறுத்தங்கள்’ என்ற கேள்விக்குத் தூர வரிசையிலேயே பதிவுகளை எடுத்துத் தர அதனால் முடியும்.

வரைபடம் பக்கமே போகாதவர்களும் ஜிஸ்டை அறிந்திருக்க வேண்டும் என்பேன். கல்யாண மண்டப முன்பதிவு மென்பொருள் எழுதுகிறோம். ஒரே மண்டபத்தை ஒன்றின்மேல் ஒன்று விழும் நேரங்களில் இருவருக்குக் கொடுத்துவிடக் கூடாது. நிரலில் ‘ஏற்கெனவே யாராவது பதிவு செய்திருக்கிறார்களா’ என்று தேடிவிட்டு எழுதுவது வழக்கம். அந்தத் தேடலுக்கும் எழுதுவதற்கும் நடுவே இன்னொருவர் நுழைந்துவிடலாம். இருவரும் ‘இல்லை’ என்ற பதிலைப் பெற்று இருவரும் பதிவு செய்துவிடுவார்கள். பி-ட்ரீயின் தனித்துவக் கட்டுப்பாடு இதைத் தடுக்காது, ஏனென்றால் காலை 6 முதல் 12 வரை என்பதும் 10 முதல் 4 வரை என்பதும் சமமான மதிப்புகள் இல்லை. ரேஞ்ச் வகையில் நேரத்தை வைத்து, மண்டபம் சமமாகவும் நேரம் மேற்படிவதாகவும் இருக்கும் இரண்டு பதிவுகள் கூடாது என்று ஜிஸ்ட் வழியாக எக்ஸ்க்ளூஷன் கட்டுப்பாடு வைத்தால், இரண்டாமவருடைய இன்ஸர்ட்டைத் தரவுத்தளமே மறுத்துவிடும். மண்டப எண்ணின் சமத்தையும் அதே இண்டெக்ஸில் சேர்க்க பிட்ரீ-ஜிஸ்ட் என்ற எக்ஸ்டென்ஷன் வேண்டும். நேரத்தின் முடிவை உட்படுத்தாத ரேஞ்சாக வைத்தால், 12 மணிக்கு முடிவதும் 12 மணிக்குத் தொடங்குவதும் மோதாது. இங்கே இண்டெக்ஸ் வேகத்துக்காக இல்லை, தரவு பிழையாகாமல் இருப்பதற்காக.

பிரின், அல்வாரோ ஹெரேராவின் உழைப்பு. 2016 ஜனவரியில் 9.5 பதிப்போடு வந்தது. 128 பக்கங்களுக்கு, அதாவது ஒரு மெகாபைட்டுக்கு, ஒரு குறைந்த மதிப்பும் ஒரு உச்ச மதிப்பும் மட்டும் எழுதிவைக்கிறது. 1 கோடி பதிவுகள் கொண்ட 1.3 கிகாபைட் டேபிள் ஒன்றில் பி-ட்ரீ 214 மெகாபைட் பிடிக்கும் என்றால், பிரின் நூறு கிலோபைட்டைக்கூடத் தொடாது. ஆனால் இது முழுக்கத் தரவின் இருக்கையை நம்பி நிற்கிறது. சென்சார் அளவீடுகள், லாக் பதிவுகள் போல நேர வரிசையில் வந்து சேரும் டேபிளில் ‘நேற்று மாலை’ என்று கேட்டால் சில துண்டுகளை மட்டும் படித்து முடிக்கும். பதிவுகள் கலைந்து கிடந்தால் ஒவ்வொரு துண்டிலும் எல்லாத் தேதியும் இருக்கும். எதையும் தள்ள முடியாது. பிஜி-ஸ்டாட்ஸில் கோரிலேஷன் என்ற எண் 1க்கோ மைனஸ் 1க்கோ அருகில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். 14ஆம் பதிப்பில் வந்த மின்மேக்ஸ்-மல்டி கிளாஸ், ஒன்றிரண்டு விலகிய மதிப்புகளைத் தாங்கிக்கொள்ளும். புதிதாக நிரம்பும் துண்டுகள் வேக்கம் என்ற துப்புரவு வேலை ஓடும்வரை சுருக்கப்படாமல் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. அதுவரை அவற்றை முழுதாகவே படிக்க வேண்டியிருக்கும்.

எஸ்பி-ஜிஸ்ட், ஐபி முகவரிகள், ஒன்றின்மேல் ஒன்று விழாத புள்ளிகள் போன்ற சில களங்களில் நன்றாக உழைக்கும். அன்றாடப் பயன்பாடுகளில் அதற்கு வேலை வருவது அரிது. ஆரக்கிளில் உள்ள பிட்மேப் இண்டெக்ஸ் அறிக்கைகளுக்கான தரவுக் கிடங்குகளில் சிறப்பு. பலர் ஒரே நேரத்தில் மாற்றும் டேபிளில் அது கூடாது, ஏனென்றால் ஒரு பதிவை மாற்றினாலும் அந்த பிட்மேப் துண்டுக்குள் வரும் மற்றப் பதிவுகளும் சேர்ந்து பூட்டப்படும். போஸ்ட்கிரெஸ் 2005 முதல், தேவைப்படும்போது பல பி-ட்ரீக்களின் விடைகளை நினைவகத்திலேயே பிட்மேப்பாக்கி இணைத்துக்கொள்கிறது. வெக்டர் தேடலுக்கான எச்என்எஸ்டபிள்யூ இப்போது பரவலாகப் பேசப்படுகிறது. அது தருவது தோராயமான விடை, அருகிலுள்ள சிலவற்றைத் தவறவிடலாம் என்பதை அறிந்து பயன்படுத்தினால் போதும்.

எழுதும் செலவை வைத்தே இனி மீதியைச் சொல்ல வேண்டும். 2016இல் ஸ்ட்ராட்டோஸ் அதனாசௌலிஸும் சக ஆய்வாளர்களும் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள்: படிப்பது, மாற்றுவது, இடம் என்ற மூன்றில் இரண்டை மெருகேற்றினால் மூன்றாவது விலை கொடுக்கும். அதே ஆண்டு ஊபர் நிறுவனத்தின் பொறியாளர்கள் போஸ்ட்கிரெஸிலிருந்து மைஎஸ்கியூஎல்லுக்கு மாறியதன் காரணங்களை வெளியிட்டார்கள். அதில் முக்கியமானது இண்டெக்ஸ் பற்றியது. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இண்டெக்ஸும் பதிவு கிடக்கும் இடத்தை நேராகச் சுட்டுகிறது. ஒரு பதிவை மாற்றினால் புதிய பிரதி வேறிடத்தில் உருவாகும்; இண்டெக்ஸ் உள்ள ஒரே ஒரு நெடுவரிசை மாறினாலும் அந்த டேபிளின் எல்லா இண்டெக்ஸிலும் புதிய சுட்டி எழுத வேண்டும். இண்டெக்ஸ் இல்லாத நெடுவரிசைகள் மட்டும் மாறி, அதே பக்கத்தில் இடமும் இருந்தால், 2008 முதல் உள்ள ஹாட் என்ற ஏற்பாடு இந்தச் செலவைத் தவிர்க்கும். அடிக்கடி மாறும் ‘கடைசியாகப் பார்த்த நேரம்’ போன்ற நெடுவரிசையில் ஆசைப்பட்டு ஒரு பி-ட்ரீ கட்டினால் அந்த வசதி போய்விடும். 16ஆம் பதிப்பு முதல் பிரின்னுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு.

இன்னோடிபி மறுபக்கத்தில் நிற்கிறது. அங்கே டேபிளே பிரைமரி கீயின் வரிசையில் அடுக்கிய பி-ட்ரீதான். மற்ற இண்டெக்ஸ்கள் இடத்தைச் சுட்டாமல் பிரைமரி கீயைச் சுமக்கின்றன. பதிவு நகர்ந்தாலும் அவை மாற வேண்டியதில்லை. விலை வேறிடத்தில் விழுகிறது: 36 எழுத்து யுயுஐடியைப் பிரைமரி கீயாக வைத்தால் அது ஒவ்வொரு இண்டெக்ஸிலும் திரும்பத் திரும்ப ஏறும். தற்செயலான யுயுஐடி என்றால், புதிய பதிவுகள் மரத்தின் எந்த மூலையிலும் போய் விழுந்து பக்கங்களைப் பிளக்கும். வரிசையாக வரும் கீயில் பக்கங்கள் 16இல் 15 பங்கு நிரம்பும். தாறுமாறாக வந்தால் பாதிவரை காலியாகக் கிடக்கலாம். 2024இல் ஆர்எஃப்சி 9562 வரையறுத்த ஏழாம் பதிப்பு யுயுஐடி நேரத்தை முன்னால் வைப்பதால் இந்தச் சிக்கலைப் பெருமளவு தணிக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

இத்தனை வாசித்த பிறகும் முடிவை எக்ஸ்பிளெய்ன் அனலைஸிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் உண்மையான அளவு தரவின் மேல். ஆயிரம் பதிவுகள் மட்டும் உள்ள சோதனை டேபிளில் பிளானர் இண்டெக்ஸைத் தொடாமலே போகலாம், அதில் தவறும் இல்லை. டேபிளில் ஐந்தில் ஒரு பங்கைக் கேட்கும் குவெரிக்கு அது முழு டேபிளையும் படிக்க முடிவெடுத்தால், பெரும்பாலும் அதன் கணக்கு சரி. விடையில் ‘வடிகட்டி நீக்கிய பதிவுகள்’ என்ற எண் மலைபோல் இருந்தால், இண்டெக்ஸ் வேலையைப் பாதியில் விட்டுவிட்டது என்று பொருள். நெடுவரிசை வரிசையையோ ஆபரேட்டர் கிளாஸையோ திரும்பப் பார்க்க வேண்டும். தற்செயலாக ஒரு பக்கத்தைப் படிக்கும் செலவை போஸ்ட்கிரெஸ் இயல்பாக 4 என்று வைத்திருக்கிறது, வரிசையாகப் படிப்பதற்கு 1. சுழலும் டிஸ்க் காலத்துக் கணக்கு இது. எஸ்எஸ்டியில் பலரும் 1.1க்குக் குறைத்துவிடுகிறார்கள். இதைச் சரிசெய்யாமல் இண்டெக்ஸ் வகையைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

கட்டியதை நீக்குவதும் இந்தத் தேர்வின் பகுதிதான். பிஜி-ஸ்டாட்-யூசர்-இண்டெக்ஸஸில் ஸ்கேன் எண்ணிக்கை பூஜ்யமாக உள்ளவற்றைப் பட்டியலிட்டால், யாருக்காகவோ என்றோ கட்டியவை வெளியே வரும். அவற்றை அப்படியே நீக்கிவிடக் கூடாது. அந்த எண்ணிக்கை ஒவ்வொரு சர்வருக்கும் தனி. பிரைமரியில் பூஜ்யமாக இருப்பது ரெப்ளிகாவில் அறிக்கைகளுக்காக நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கலாம். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது மட்டும் ஓடும் குவெரியும் இருக்கலாம். தனித்துவத்தைக் காக்கும் இண்டெக்ஸ் ஒருமுறைகூடத் தேடப்படாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மைஎஸ்கியூஎல் 8இல் இண்டெக்ஸைக் கண்ணுக்குத் தெரியாததாக்கிச் சில வாரம் பார்த்துவிட்டு நீக்கும் வசதி உண்டு. போஸ்ட்கிரெஸ்காரர்கள் நீக்குவதற்கு முன் எல்லா ரெப்ளிகாவின் எண்களையும் சேர்த்துப் பார்த்து, மறுபடி கட்டுவதற்கான வரையறையையும் எடுத்துவைத்துக்கொண்டு, ‘கன்கரன்ட்லி’ சேர்த்து நீக்கினால் டேபிளில் எழுதிக்கொண்டிருப்பவர்கள் காத்திருக்க வேண்டியிராது.